முழ நீளக் குழாய்

வெள்ளிக்கிழமை இரவு பெங்களூரில் பேருந்து ஏறினால் சனிக்கிழமை காலை முருடேஸ்வரம். சுமார் 500 கிலோமீட்டர். கோயில் கோபுரமும் 123 அடி சிவன் சிலையும் பின்னால் சிறுத்துக்கொண்டே போக, படகு மேற்கு நோக்கி ஒன்றரை மணி நேரம் ஓடினால் நேத்ராணித் தீவு வரும். கரையிலிருந்து ஏறத்தாழ 19 கிலோமீட்டர் தொலைவில், செங்குத்துப் பாறைகளும் அவற்றின் தலையில் காடுமாக நிற்கும் சின்னத் தீவு அது. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் யாரையும் அங்கே கூட்டிப்போவதில்லை. அக்டோபரில் கடல் அடங்கிய பிறகு படகுகள் மறுபடி கிளம்பும். அவற்றில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெங்களூர்க்காரர்கள். அதிலும் இளம் தம்பதிகள் நிறைய. பெலீஸ், போனேர் போன்ற கரீபியன் கரைகளுக்கு அமெரிக்கத் தம்பதிகள் போய் ஒரு வாரம் தண்ணீரில் மிதந்துவிட்டு வருகிறார்கள் இல்லையா, அதையே நம்மவர்கள் ஒரு வார இறுதிக்குள் செய்துவிடப் பார்க்கிறார்கள். விடுப்பும் பணமும் கூடுதலாக இருந்தால் அந்தமான், லட்சத்தீவு.

படகு நங்கூரம் போட்டதும் ஆளுக்கொரு கண்ணாடி மாஸ்க், லைஃப் ஜாக்கெட், ஒரு வளைந்த பிளாஸ்டிக் குழாய் தருவார்கள். குழாயைப் பல்லால் கடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மிதக்க வேண்டும். அவ்வளவுதான் ஸ்நார்க்கெலிங். நீச்சல் தெரியாதவர்கள்கூட லைஃப் ஜாக்கெட்டையும் வழிகாட்டியையும் நம்பி இறங்குகிறார்கள். பக்கத்திலேயே சிலிண்டர் கட்டிக்கொண்டு ஸ்கூபாவுக்கு இறங்குபவர்களைப் பார்த்ததும் இது ஏதோ குழந்தைகள் விளையாட்டு என்ற எண்ணம் வந்துவிடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனித உடல் காற்றுக்காகவே செய்யப்பட்டது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கருவி வேறொன்று இல்லை. அந்தக் குழாயின் நீளத்தைப் பாருங்கள். ஒரு முழத்துக்கும் குறைவு. உலகில் எந்த நிறுவனம் செய்த குழாயும் அந்த அளவுதான். இரண்டு மீட்டர் நீளத்தில் ஒன்று செய்தால் கடலுக்குள் இறங்கி நடக்கலாமே, ஏன் யாரும் செய்வதில்லை?

நாம் மூச்சை உள்ளே இழுக்கும்போது உண்மையில் காற்றை இழுப்பதில்லை. உதரவிதானம் கீழிறங்குகிறது, விலா எலும்புகள் விரிகின்றன, மார்புக்கூடு பெரிதாகிறது. உள்ளே அழுத்தம் கொஞ்சம் குறைகிறது, வெளிக்காற்று தானாக வந்து நிரப்புகிறது. தரையில் மார்புக்கு வெளியேயும் நுரையீரலுக்குள்ளேயும் ஒரே வளிமண்டல அழுத்தம் என்பதால் இது உழைப்பே இல்லாத வேலை. தண்ணீரில் இந்தச் சமநிலை குலைந்துவிடுகிறது. குழாய் வழியாக நுரையீரலுக்கு வருவது மேற்பரப்பின் காற்று. மார்பை வெளியிலிருந்து அழுத்துவதோ தண்ணீர். 1 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் 100 கிராம் கூடுதலாக உட்கார்ந்திருக்கும். மார்பின் முன்பக்கத்தை 1000 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 100 கிலோ. ஒவ்வொரு மூச்சுக்கும் அதைத் தூக்கி இறக்க வேண்டும். குப்புற மிதக்கும்போது மார்பு சுமார் 20 சென்டிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. அதற்கே 20 கிலோ. முதல் தடவை தண்ணீரில் முகம் கவிழ்த்தவர்கள் எல்லோரும் சொல்லும் அந்த "நெஞ்சை யாரோ லேசா அமுக்குற மாதிரி இருக்கு" என்ற உணர்வு கற்பனை இல்லை.

ஆஸ்திரிய உடலியலாளர் ராபர்ட் ஸ்டிக்ளர் இதைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து 1911இல் எழுதினார். ஆழம் கூடக்கூட அவரால் தாக்குப்பிடிக்க முடிந்த நேரம் நிமிடங்களிலிருந்து நொடிகளாகச் சுருங்கியது. 2 மீட்டர் ஆழத்தில் முயன்றபோது அவருடைய இதயம் பாதிக்கப்பட்டது. மூச்சுத் தசைகளின் பலவீனம் இதில் பாதிதான். கை, கால், வயிறு எல்லாம் தண்ணீரின் அழுத்தத்தில் பிழியப்பட, மார்புக்கூட்டுக்குள் மட்டும் மேற்பரப்பின் குறைந்த அழுத்தம். ரத்தம் எங்கே போகும்? அழுத்தம் குறைந்த இடத்துக்கு. நுரையீரலின் மெல்லிய நாளங்களும் இதயத்தின் அறைகளும் கொள்ளளவுக்கு மீறி நிரம்பும். சினிமாவில் கதாநாயகன் நாணற்குழாயை வாயில் வைத்துக்கொண்டு குளத்தின் அடியில் ஒளிந்திருப்பான். ஓர் அடிக்குக் கீழே போனால் அந்தக் காட்சி நீடிக்காது.

இந்த விதியை மீறும் விலங்கு ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்க நேத்ராணிக்குப் போக வேண்டியதில்லை. பெங்களூரிலிருந்து தென்மேற்கே கபினி அணையின் நீர்ப்பரப்புக்குப் போனால் போதும். கோடையில் அங்கே கூட்டமாக இறங்கும் யானைகள் ஆழமான இடத்தைக் கடக்கும்போது உடல் முழுவதும் மூழ்கிவிடும். தும்பிக்கையின் நுனி மட்டும் மேலே தெரியும். அந்தமானின் ஹேவ்லாக் தீவில், இன்றைய பெயரில் ஸ்வராஜ் த்வீப், மரம் இழுக்கக் கொண்டுவரப்பட்ட ராஜன் என்ற யானை கடலிலேயே நீந்தியது. அது நீலத் தண்ணீரில் கால்களை அசைத்து மிதக்கும் படங்கள் உலகமெங்கும் பரவின. 2016இல் அது இறந்தது. தும்பிக்கையைத் தூக்கி நீந்தும் யானையின் நுரையீரல் நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ 2 மீட்டர் கீழே இருக்கிறது. ஸ்டிக்ளரின் இதயத்தைப் பாதித்த அதே ஆழம். யானைக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆவதில்லை?

மற்ற பாலூட்டிகளின் நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வுகளும், நடுவே வழுக்கிக்கொள்ள ஒரு மயிரிழை இடைவெளியும் உண்டு. யானைக்கு அந்த இடைவெளி கிடையாது. உறுதியான இணைப்புத் திசு அதை நிரப்பி, நுரையீரலை மார்புச் சுவரோடு ஒட்டவைத்திருக்கிறது. யானையை அறுத்துப் பார்த்தவர்கள் இதை 17ஆம் நூற்றாண்டிலேயே கவனித்திருந்தார்கள். காரணம்தான் யாருக்கும் புரியவில்லை. எவரெஸ்ட் உச்சியின் மூச்சைப் பற்றி ஆய்வு செய்து புகழ்பெற்ற ஜான் வெஸ்ட் 2001இல் அதற்கு விளக்கம் தந்தார். 2 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 150 மில்லிமீட்டர் பாதரச அழுத்த வேறுபாடு. அந்த வேறுபாட்டில் சாதாரண சவ்வின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் வெடிக்கும் அல்லது கசியும். கெட்டித் திசு அவற்றைப் பொத்திக் காக்கிறது. யானையின் முன்னோர்கள் நீரில் வாழ்ந்திருக்கலாம் என்ற கருத்தோடும் இது பொருந்துகிறது. நமக்கு அப்படி ஒரு கவசம் இல்லாததால் நம் தும்பிக்கை ஒரு முழத்தைத் தாண்டக் கூடாது.

குழாயைக் குட்டையாக்கினால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை, இன்னொரு கணக்கு இருக்கிறது. நுரையீரல் உடலியலில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதுதான்.

ஓய்வாக இருக்கும்போது ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் காற்றை இழுக்கிறோம். அதில் 150 மில்லிலிட்டர் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய்களிலேயே நின்றுவிடும். ஆக்சிஜன் ரத்தத்தில் கலக்கும் காற்றறைகளுக்கு அது போய்ச் சேர்வதில்லை. ஆகவே உண்மையில் பயன்படும் புதுக்காற்று 350. நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் 4,200 மில்லிலிட்டர். இப்போது 40 சென்டிமீட்டர் நீளமும் 2 சென்டிமீட்டர் உள்விட்டமும் கொண்ட குழாயை வாயில் வையுங்கள். அதன் கொள்ளளவு சுமார் 125 மில்லிலிட்டர். நெரிசலான பேருந்தில் கடைசியாக ஏறிப் படியில் தொங்குபவர் முதலில் இறங்குவதைப் போல, வெளிவிட்ட மூச்சின் கடைசிப் பகுதி குழாயிலேயே தங்கி, அடுத்த மூச்சில் முதல் ஆளாக உள்ளே திரும்பி வருகிறது. புதுக்காற்று 225ஆகக் குறைகிறது. நிமிடத்துக்கு 2,700தான்.

இங்கே பெரும்பாலோர் செய்வது என்ன? காற்று போதவில்லை என்று தோன்றியதும் வேகவேகமாக, மேலோட்டமாக மூச்சுவிடுகிறார்கள். 300 மில்லிலிட்டர் மூச்சு என்றால் 275 பழைய காற்று, 25தான் புதிது. நிமிடத்துக்கு 30 முறை இப்படி இரைத்தாலும் 750 மில்லிலிட்டர்தான் கிடைக்கும். அதற்கு மாறாக நிமிடத்துக்கு 8 மூச்சே எடுத்து, ஒவ்வொன்றையும் 800 மில்லிலிட்டராக ஆழமாக இழுத்தால் புதுக்காற்று 525. எட்டால் பெருக்கினால் 4,200. தரையில் கிடைத்த அதே அளவு. குழாய் பறித்துக்கொண்டதை நிதானம் திருப்பித் தந்துவிடுகிறது. விடுமுறைக்கு வந்தவர்கள் "அவசரமே இல்லாம சும்மா மிதந்தோம்" என்று சொல்லும்போது தங்களை அறியாமல் இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள்.

மூச்சுத் திணறல் என்ற உணர்வு ஆக்சிஜன் குறைவதால் வருவதில்லை. கார்பன் டைஆக்சைடு சேர்வதால் வருகிறது. வெளிக்காற்றில் அது 0.04 சதவீதம், நாம் வெளிவிடும் மூச்சில் சுமார் 4 சதவீதம், நூறு மடங்கு. குழாயில் தங்கி மறுபடி உள்ளே வருவது இந்தக் காற்றுதான். ரத்தத்தில் அது சற்றே ஏறினாலும் மூளைத்தண்டு அலாரம் அடிக்கும். பதற்றத்தில் கால்களை உதைத்தால் தசைகள் இன்னும் கார்பன் டைஆக்சைடைத் தயாரிக்கும், பதற்றம் இன்னும் கூடும். இந்தச் சுழலை உடைக்க ஒரே வழி முகத்தைத் தூக்குவது, மல்லாந்து மிதப்பது, குழாயைத் துப்பிவிட்டு வாயால் மூச்சுவிடுவது. லைஃப் ஜாக்கெட் இருக்கிறது, மூழ்க மாட்டீர்கள். ஹவாயில் ஸ்நார்க்கெல் மரணங்களை ஆராய்ந்தவர்கள், ஸ்நார்க்கெல் குழாயின் எதிர்ப்பு, முன்பே இருந்த இதய நோய், உடல் உழைப்பு ஆகிய மூன்றும் சேரும்போது நுரையீரலில் நீர் கோத்து, தண்ணீரைக் குடிக்காமலே ஒருவர் சுயநினைவிழக்க முடியும் என்கிறார்கள். பெரும்பாலும் சத்தமே இல்லாமல் நடக்கும். இணையாக மிதப்பதும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை தலையைத் தூக்கி மற்றவரைப் பார்ப்பதும் அதனால்தான் அவசியம்.

அதே அலாரத்தை வேண்டுமென்றே அணைக்கிறவர்களும் உண்டு. மூச்சடக்கி ஆழத்துக்குப் போகும் முன் இருபது முப்பது முறை வேகமாக இரைத்தால் இன்னும் அதிக நேரம் உள்ளே இருக்கலாம் என்று நண்பர்கள் கற்றுக்கொடுப்பார்கள். அப்படி இரைப்பதால் ஆக்சிஜன் கூடுவது மிகக் குறைவு. கார்பன் டைஆக்சைடுதான் வெளியேறிவிடுகிறது. எச்சரிக்கை மணி அடிப்பதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, நீருக்கடியிலேயே மயக்கம் வரும். நல்ல நீச்சல்காரர்கள் இறப்பது இப்படித்தான். யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் சிறுநீர் முட்டும். யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். நிற்கும்போது கால்களில் தேங்கியிருந்த ரத்தத்தை நீரழுத்தம் மேலே தள்ளுகிறது. கழுத்தளவு நீரில் இருக்கும்போது மார்புக்குள் சுமார் 700 மில்லிலிட்டர் ரத்தம் கூடுதலாக வருகிறது என்று அளந்திருக்கிறார்கள். இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடலில் நீர் அதிகமாகிவிட்டது என்று அவை தவறாகப் புரிந்துகொண்டு சிறுநீரகத்துக்கு ஹார்மோன் செய்தி அனுப்புகின்றன. கூடவே, நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். 28 டிகிரி கடல் இதமாகத்தான் இருக்கும். ஆனால் தோலின் வெப்பம் 33 டிகிரி. ஒரு மணி நேரத்தில் நடுக்கம் தொடங்குவது பலவீனம் அல்ல, கணக்கு. கரையேறியதும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

இனி கண்ணுக்கு வருவோம். மாஸ்க் இல்லாமல் கடலுக்குள் கண்ணைத் திறந்தால் எல்லாம் கலங்கல். கண்ணில் ஒளியை வளைக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது உள்ளிருக்கும் லென்ஸ் இல்லை, வெளியே இருக்கும் கருவிழிப் படலம். காற்றிலிருந்து அதற்குள் நுழையும்போது ஒளி நன்றாக வளையும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, படலத்தினுடையது 1.376. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் நீருக்குள் படலம் வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது. மாஸ்க் செய்வதெல்லாம் கண் முன்னால் ஒரு கைப்பிடிக் காற்றை வைப்பது. அதற்கு ஒரு விலை உண்டு. தட்டைக் கண்ணாடி வழியே பார்க்கும் பொருள்கள் நான்கில் மூன்று பங்கு தூரத்தில், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். கரைக்கு வந்து "இவ்ளோ பெரிய மீன்" என்று கைகளை விரிப்பவர்கள் பொய் சொல்வதில்லை.

மாஸ்க் இல்லாமலே தெளிவாகப் பார்க்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். அந்தமான் கடலின் கிழக்குக் கரையில், தாய்லாந்து, மியான்மர் தீவுகளில் வாழும் மோக்கன் மக்களின் பிள்ளைகள் முழுகிச் சிப்பியும் கடல் அட்டையும் பொறுக்குவார்கள். அன்னா கிஸ்லேன் என்ற ஸ்வீடன் ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் ஐரோப்பியக் குழந்தைகளைவிட இரண்டு மடங்குக்கு மேல் நுணுக்கமாக நீருக்கடியில் பார்ப்பது தெரிந்தது. நீருக்குள் மற்றவர்களின் கண்பாவை விரிந்தே இருக்க, இவர்களுடையது 2 மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சுருங்குகிறது. லென்ஸும் தன் உச்ச அளவுக்கு வளைகிறது. பின்னர் ஸ்வீடன் குழந்தைகளும் பயிற்சியால் இதைக் கற்றுக்கொண்டார்கள். ஆகவே இது பிறப்பால் மட்டும் வந்த திறமை அல்ல, பழக்கம்.

நேத்ராணியின் பாறைச் சரிவில் ஒரு வண்ணாத்தி மீன் அசையாமல் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தது. படகில் ஏறியதும் என் மனைவி கேட்டாள்: "ஏங்க, அதுக்கு நாம எப்படித் தெரிவோம்?" அந்த மீனுக்கு வானம் முழுவதும் தலைக்கு நேர் மேலே சுமார் 97 டிகிரி விரிந்த ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடும். அடிவானம், படகு, தீவின் பாறைகள் எல்லாம் அந்த வட்டத்தின் ஓரத்தில் நசுங்கிக் கிடக்கும். வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு ஒரு கண்ணாடி. கடலின் அடித்தரையையே திருப்பிக் காட்டும். நாங்கள் அந்த ஒளிவட்டத்தின் நடுவே இரண்டு கறுப்பு நிழல்களாகத் தெரிந்திருப்போம்.

எங்கள் கண்ணுக்கோ அங்கே எல்லாமே நீலம். கையில் அணிந்திருந்த சிவப்புக் கயிறு சில மீட்டர் ஆழத்தில் பழுப்பாகிவிடும். இந்த நீலத்தைப் பற்றிப் பேசும்போது பெங்களூருக்கு ஒரு தனி உரிமை உண்டு. 1921இல் சி. வி. ராமன் ஐரோப்பாவுக்குக் கப்பலில் போய்வந்தார். மத்தியதரைக் கடலின் நீலம் அவரை விடவில்லை. கடலின் நிறம் வானத்தின் பிரதிபலிப்பே என்பது ராலே பிரபு சொன்ன விளக்கம். ராமன் தன்னிடம் இருந்த நிக்கோல் பட்டகத்தைக் கண்ணில் வைத்து, குறிப்பிட்ட கோணத்தில் திருப்பி, நீர்ப்பரப்பிலிருந்து தெறித்துவரும் வானொளியை மறைத்துவிட்டுப் பார்த்தார். பிரதிபலிப்பு போனால் நீலமும் போக வேண்டும். போகவில்லை, இன்னும் அடர்ந்தது. நீலம் நீருக்குள்ளிருந்தே வருகிறது, நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அவர் எஸ்.எஸ். நர்குண்டா என்ற கப்பலிலிருந்தே 'நேச்சர்' இதழுக்கு எழுதினார். திரவங்களில் ஒளிச்சிதறலை அப்போது துரத்தத் தொடங்கியவர் 1928 பிப்ரவரி 28இல் ராமன் விளைவில் வந்து நின்றார். 1933இல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகப் பெங்களூருக்கு வந்தவர், 1948இல் இங்கேயே தன் ஆய்வு நிலையத்தைத் தொடங்கி, 1970இல் இறக்கும்வரை இந்த ஊரிலேயே இருந்தார்.

இன்றைக்கு நாம் அவருடைய விளக்கத்தோடு இன்னொன்றையும் சேர்க்கிறோம். நீர் சிவப்பைச் சாப்பிடுகிறது. நீர் மூலக்கூறில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இடைவிடாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. அந்த அதிர்வுகளின் மேல்சுரங்கள் சிவப்பு ஒளியின் அலைவரிசையில் விழுகின்றன. அதனால் அடர்சிவப்பு ஒளி 1 மீட்டர் நீரைக் கடப்பதற்குள் ஏறத்தாழ பாதியை இழக்கிறது. 5 மீட்டரில் நூற்றில் ஐந்துதான் மிச்சம். நீலம் பல பத்து மீட்டர் போகும். மூலக்கூறுகளின் அதிர்வைப் படிக்க ராமன் விளைவுதான் உலகின் சிறந்த வழிகளில் ஒன்றாக ஆகியிருக்கிறது. கடல் நீலத்தில் தொடங்கிய அவருடைய கேள்வி, அதன் மறுபாதிக்கான கருவியையும் தானே செய்து தந்துவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

நேத்ராணியில் பவளம் சுவராக எழுந்து நிற்பதில்லை. தீவின் பாறைகள்மேல் திட்டுத்திட்டாக ஒட்டி வளர்கிறது. கர்நாடகக் கரையில் பவளம் அரிது. ஷராவதியும் மற்ற ஆறுகளும் மழைக்காலத்தில் மலைச்சரிவுகளின் மண்ணையும் நன்னீரையும் கொண்டுவந்து கொட்டுகின்றன. பவளத்துக்கு இரண்டும் ஆகாது. கரையிலிருந்து 19 கிலோமீட்டர் தள்ளி நிற்பதுதான் நேத்ராணிக்குக் கிடைத்த பாதுகாப்பு. இந்தியக் கடற்படை இலக்குப் பயிற்சிக்குப் பயன்படுத்திய தீவு இது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அங்கே இவ்வளவு உயிர் மிஞ்சியிருப்பதே பெரிய செய்தி.

பவளம் என்பது கல் வீடு கட்டிக்கொண்டு கூட்டமாக வாழும் நுண்ணிய விலங்கு. அதன் திசுவுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருந்து சூரிய ஒளியில் சர்க்கரை தயாரிக்கின்றன. பவளத்தின் ஆற்றல் தேவையில் 90 சதவீதம்வரை அவை தருவதே. பழுப்பும் பச்சையுமாகத் தெரியும் நிறம் பெரும்பாலும் அந்தப் பாசிகளுடையது. உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்கு 1 சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். கால்பந்தைவிடச் சற்றுப் பெரியதாக, 15 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒன்றைப் பார்த்தால் அதற்கு ஏறத்தாழ 15 வயது. அதன்மேல் ஏறி நின்று மாஸ்க்கைச் சரிசெய்துகொள்ளும் ஒருவரின் துடுப்புக்கால் ஒரே உதையில் அத்தனை வருடங்களையும் உடைத்துப்போடும். இங்கேயும் நிதானம்தான் உதவும். கால்களை மடக்காமல் இடுப்பிலிருந்து மெதுவாக அசைப்பவர் எதையும் தொடுவதில்லை. தூக்கிக்கொண்டு வரவும் கூடாது. பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன.

சன்ஸ்கிரீன் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஆக்ஸிபென்சோன் என்ற வேதிப்பொருளைக் கடல் தாமரைகளும் பவளங்களும் தங்கள் உடலுக்குள் மாற்றி, வெயில் பட்டால் நஞ்சாகும் ஒன்றாக ஆக்கிவிடுகின்றன என்று ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2022இல் காட்டினார்கள். உள்ளே வாழும் பாசிகள் அந்த நஞ்சில் ஒரு பகுதியை வாங்கி வைத்துக்கொள்கின்றன; பாசியை இழந்து வெளுத்த பவளத்துக்குத்தான் ஆபத்து அதிகம். ஹவாய் 2021 முதல் அதன் விற்பனையைத் தடைசெய்தது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டால் முதுகுக்கும் நல்லது, பவளத்துக்கும் நல்லது. ஆனால் பவளத்தைக் கொல்வது முதன்மையாக சன்ஸ்கிரீன் இல்லை, வெப்பம். ஓரிடத்தின் வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தால் போதும், பவளம் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுக்கும். 1998இல் லட்சத்தீவிலும் மன்னார் வளைகுடாவிலும் அது நடந்தது. பிறகு 2010, 2016. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளுப்பு அறிவிக்கப்பட்டது. அந்தக் கோடையில் லட்சத்தீவு மறுபடி வெளுத்தது. 1998க்குப் பிறகு கால் நூற்றாண்டில் லட்சத்தீவின் உயிருள்ள பவளப் பரப்பு ஏறத்தாழ பாதியாகிவிட்டது என்று, மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு வெளுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே மீள்வதற்கான அவகாசம் சுருங்கிக்கொண்டே வருகிறது. அந்த அவகாசத்தில் கிளி மீன்களின் உதவி பெரிது. செத்த பவளத்தின்மேல் படரும் பாசியை அவை அலகால் சுரண்டித் தின்று, புதுப் பவளக் குஞ்சுகள் ஒட்ட இடம் செய்கின்றன. தின்ற கல்லை வெண்மணலாகக் கழிக்கின்றன. பெரிய கிளி மீன் ஒன்று ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணல் போடும். தேனிலவுப் படங்களில் பின்னணியாக வரும் அந்த வெள்ளைக் கடற்கரையில் கணிசமான பங்கு இவற்றின் வயிற்றைக் கடந்துவந்தது.

ஸ்நார்க்கெலிங் முடிந்ததும் படகிலேயே "ஸ்கூபாவும் ஒரு தடவை பார்த்துடலாமா" என்ற பேச்சு எழும். பார்க்கலாம். ஆனால் பெங்களூர்க்காரர்கள் ஒன்றை மட்டும் சென்னைக்காரர்களைவிடக் கூடுதலாக யோசிக்க வேண்டும். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்குதான். ஆழத்தில் சிலிண்டர் காற்றைச் சுவாசிப்பவரின் ரத்தத்திலும் திசுக்களிலும் அழுத்தத்துக்கு ஏற்ப நைட்ரஜன் கூடுதலாகக் கரையும். மேலே வந்த பிறகு மணிக்கணக்கில் மெதுவாக வெளியேறும். வெளியேறி முடிவதற்குள் அழுத்தம் மேலும் குறைந்தால் குமிழிகள் உருவாகலாம். மூட்டு வலி, மரத்துப்போதல், காரணமில்லாத அசதி. இரவுப் பேருந்துப் பயணத்தின் களைப்பு என்று தவறாக நினைக்க எளிதான அறிகுறிகள். 600 முதல் 2,400 மீட்டர்வரையிலான உயரத்துக்குச் சமமான விமான அறை அழுத்தத்துக்குப் போகுமுன், ஒருமுறை மட்டும் முழுகியவர் 12 மணி நேரமும், பலமுறை முழுகியவர் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது முக்குளிப்பு மருத்துவர்களின் பரிந்துரை. பெங்களூர் அந்த எல்லைக்குள் வருகிறது. விமானம் ஏறாமல், மேற்குத் தொடர்ச்சி மலையின் வளைவுகளில் பேருந்தில் போனாலும் உடலுக்கு வேறுபாடு தெரியாது. பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் ஒருமுறை இறங்கியவருக்கு ஆபத்து சிறியதுதான். ஆனாலும் மதியம் கரையேறிவிட்டு அன்றிரவே மலையேற வேண்டாம்.

குழாயோடு மேற்பரப்பில் மிதந்தவருக்கு இந்தக் காத்திருப்பு எதுவும் இல்லை. அவர் சுவாசித்தது வெளிக்காற்றை, அதே வளிமண்டல அழுத்தத்தில். உடம்பில் கூடுதல் நைட்ரஜன் என்று சொல்ல ஒன்றும் ஏறவில்லை. இரண்டு நாள் பயணம் என்றால் சனிக்கிழமை ஸ்கூபா, ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்நார்க்கெல், இரவு பேருந்து என்று திட்டமிடுங்கள்.